பேரிக்காய்ப் படத்தைக் கம்பளிப் பின்னலுக்குக் கட்டமிடும் முறை



பழனி மலைத்தொடரில், கொடைக்கானலைச் சுற்றியுள்ள கிராமங்களில், பேரிக்காயை அறியாதார் இல்லை. மலைக்கு வரும் பிரயாணிகள் அதைப் பை நிறைய வாங்கிச் செல்கின்றனர். அதே பிரயாணிகள் ஏரிப் பக்கத்துக் கடைகளில் கம்பளிக் குல்லாயும் ஸ்வெட்டரும் வாங்குகின்றனர். அவ்வுடுப்புகளில் பல, லூதியானா முதலிய வடநாட்டு ஊர்களில் இயந்திரத்தில் பின்னி இங்கு வந்திறங்குபவை. இன்ன ஊரில் வாங்கியது என்று சொல்லிக் காட்டுவதற்கு அவற்றில் ஓர் அடையாளமும் இராது. மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தி தன் கையால் பின்னும் குல்லாயில் ஒரு பேரிக்காயைக் காட்டுவாளாயின், அந்தக் குறை நீங்கும். சரக்குக்கும் தனி மதிப்பு உண்டாகும்.

ஆனால் இதைச் செய்யப் புகுந்தவர்க்கு நேரும் முதற் சங்கடம் வேடிக்கையானது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கணக்கு நோட்டிலிருந்து சதுரக் கட்டமிட்ட தாளொன்றை எடுத்து, அதில் பேரிக்காயை அழகாய் வரைந்து, கட்டம் ஒன்றுக்குக் கண்ணி ஒன்றாக எண்ணிப் பின்னிக்கொண்டு போனால், கடைசியில் துணியில் காண்பது பேரிக்காய் அன்று; காம்போடு கூடிய மலைப்பூண்டு. உயரம் குறுகி, இடுப்பு பருத்து, கழுத்து அமுங்கிப் போயிருக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மெய்தான். எனினும் பேரிக்காய் கேட்டவருக்குப் பூண்டைக் கொடுப்பது வியாபாரமாகாது. ஸ்வெட்டரின் முன்பக்கம் பெரும்பாலும் முடிந்த பிறகே இந்தப் பிழை கண்ணில் படும். பிரித்தால் நூல் நைந்து போகிறது. பிரிக்காவிட்டால் சரக்கு விலைபோவதில்லை. நூலைச் சங்கம் கடனாய்க் கொடுத்திருந்தால், நஷ்டம் யாருடையது என்ற வழக்கும் உடன் எழும்.

இதற்குக் காரணம் வரைந்தவளின் கையுமன்று, பின்னியவளின் கையுமன்று. தாளிலுள்ள கட்டம் சதுரம்; ஊசியிலுள்ள கண்ணி சதுரமன்று. ஒரு வரிசை நேர்க்கண்ணி, மறு வரிசை புறக்கண்ணி என்று மாற்றிப் பின்னும் சாதாரணப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் உயரத்தைக் காட்டிலும் அகலம் மிகுந்தே அமைகிறது. நடுத்தரக் கனமுள்ள கம்பளி நூலில், ஓர் அங்குல அகலத்துக்கு 5 கண்ணிகளும், ஓர் அங்குல உயரத்துக்கு 7 வரிசைகளும் வருவது வழக்கம். 3 அங்குல அகலமும் 5 அங்குல உயரமும் உள்ள பேரிக்காய் வேண்டுமானால் 15 கண்ணிகளும் 35 வரிசைகளும் தேவை. சதுரக் கட்டத்தாளில் அதே வடிவத்தை வரைகிறவர் 15 கட்டம் அகலமும் 25 கட்டம் உயரமுமாக வரைவார். பின்னியபின் அகலம் சரியாக 3 அங்குலம் இருக்கும்; உயரமோ மூன்றரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாய் நின்றுவிடும். மறைந்துபோன ஒன்றரை அங்குலந்தான் பேரிக்காயைப் பூண்டாக்கியது.

ஆகையால் முதல் வேலை தாளில் அன்று, ஊசியில். எந்த நூலில், எந்த ஊசியில் சரக்குப் பின்னப்படுமோ, அதே நூலிலும் ஊசியிலும் 30 கண்ணி ஏற்றி 42 வரிசை பின்னி ஒரு மாதிரித் துண்டு எடுத்தல் வேண்டும். அதை வெதுவெதுப்பான நீரில் மிருதுவான சோப்பிட்டு அலசி, பிழியாமல், துணியின்மேல் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் துண்டு தன் எடையாலேயே நீண்டுவிடும். உலர்ந்தபின், ஓரங்களை விட்டு நடுப்பாகத்தில் 4 அங்குலம் அளந்து, அதற்குள் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணி நான்கால் வகுக்க வேண்டும். ஓர் அங்குலத்தை மாத்திரம் அளந்தால் அரைக் கண்ணி கண்ணுக்குத் தப்பும். அரைக் கண்ணி அற்பமென்று எண்ணலாகாது. 36 அங்குல மார்பளவுக்கு, அங்குலத்துக்கு 5 வீதம் 180 கண்ணி ஏற்றுகிறாள் ஒருத்தி. அவளுடைய கையோ இறுக்கமானது, அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி விழுகிறது. முடிவில் அந்த ஸ்வெட்டர் 33 அங்குலங்கூட இராது. வாங்க வந்தவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்.

கைக்குக் கை இறுக்கம் வேறுபடும் என்பதைச் சங்கங்கள் கவனிக்க வேண்டும். இறுக்கிப் பின்னுகிறவளுக்கு ஒரு நம்பர் பெரிய ஊசியும், தளரப் பின்னுகிறவளுக்கு ஒரு நம்பர் சிறிய ஊசியும் கொடுத்து, எல்லோருடைய மாதிரித் துண்டும் ஒரே எண்ணிக்கைக்கு வரும்படி செய்யலாம். கையை மாற்றிக்கொள் என்று சொல்வதில் பயனில்லை. ஊசியை மாற்றுவதே எளிது.

இனித் தாளுக்கு வரலாம். அங்குலத்துக்கு 5 கண்ணி, 7 வரிசை என்று மாதிரித் துண்டு சொன்னால், கட்டத்தின் அகலத்தை 7 மில்லிமீட்டராகவும் உயரத்தை 5 மில்லிமீட்டராகவும் வைத்து வெள்ளைத்தாளில் கோடிட வேண்டும். எண்கள் இடம் மாறுவதைக் கவனிக்க: கண்ணியின் எண் உயரமாகிறது, வரிசையின் எண் அகலமாகிறது. ஓர் அங்குலத்துக்குள் கண்ணிகள் குறைவாக இருப்பதனாலேயே ஒவ்வொரு கண்ணியும் அகலமாயிருக்கிறது என்பதை நினைத்தால் இது விளங்கும். இவ்வாறு 15 கட்டம் அகலமும் 35 கட்டம் உயரமும் கோடிட்டால் 105 மில்லிமீட்டருக்கு 175 மில்லிமீட்டர் உள்ள நீள்சதுரம் கிடைக்கும். இது துணியில் வரப்போகும் படத்தைவிடப் பெரியதாயினும் அதே வடிவம் உடையது. 3-க்கு 5 என்ற வீதம் மாறவில்லை. இதில் வரைந்த பேரிக்காய், துணியிலும் பேரிக்காயாகவே இருக்கும்.

நூல் மாறினால் தாளும் மாற வேண்டும். கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் 1965-இல் மத்திய செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை ஏற்பட்டது. அங்கே வளர்க்கப்படும் பாரத மெரினோ ஆடுகளின் உரோமம் நுண்மையானது. நுண்மையான உரோமத்தில் மெல்லிய நூல் நூற்கலாம். மெல்லிய நூலில் அங்குலத்துக்கு 7 கண்ணியும் 9 வரிசையும் விழுமானால், அதே 3 அங்குலப் பேரிக்காய்க்கு 21 கண்ணியும் 45 வரிசையும் ஆகும். கட்டமும் 9 மில்லிமீட்டர் அகலமும் 7 மில்லிமீட்டர் உயரமுமாய் மாறும். பழைய தாளை அப்படியே உபயோகித்தால் படம் சிறுத்துப்போவதோடு வடிவமும் சிறிது பிசகும்.

எந்தப் படமும் பின்னலுக்கு ஆகுமா என்றால், ஆகாது. விளக்கு வெளிச்சத்தில் சுவரில் விழும் நிழலை மாத்திரம் கண்டு இன்ன பொருள் என்று சொல்லக்கூடுமானால் அது தகுந்த படம். பேரிக்காய் இந்தச் சோதனையில் தேறும். பிளம்ஸ் பழம் தேறாது. அது வெறும் வட்டமாய் விழும். குறிஞ்சியைப் பின்ன ஆசைப்படுவோர் பலர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, 2006-இலும் 2018-இலும் மலைச்சரிவுகளை நீலமாக்கிய மலரன்றோ? அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. ஆயினும் அது கொத்துக் கொத்தாய்ப் பூப்பது. தனிப்பூவோ சிறு மணி போன்றது. 15 கண்ணி அகலத்துக்குள் அந்தக் கொத்து ஒரு நீலக் கறையாகத்தான் தெரியும். அதற்கு நீல நூலில் ஒரு பட்டை பின்னிவிடுதல் மேல்.

படம் வரைவதற்குப் பேரிக்காயை நெடுக இரண்டாய் வகிர்ந்து முன்னே வைத்துக்கொள்ளலாம். தாளின் நடுவே நெடுக்கில் ஒரு கோடு. அகலம் 15 என்ற ஒற்றை எண்ணாயிருப்பதால் எட்டாவது கண்ணி நடுக்கண்ணியாய் அமைந்து, காம்புக்கும் இடம் கொடுக்கும். ஒரு பாதியை மட்டும் பென்சிலால் வரைந்து, மறுபாதியைக் கட்டம் எண்ணி எதிர்ப்புறம் இறக்கலாம். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிற கைக்கு இது புதிதன்று. பிறகு, கோடு எந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் உள்ளடக்கிச் செல்கிறதோ அதை நிரப்பவும், பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடவும் வேண்டும். இந்த விதி முக்கால்வாசி வேலையைத்தான் செய்யும். மிச்சத்தைக் கண்ணே செய்ய வேண்டும். ஓரத்தில் தனியே துருத்தி நிற்கும் கட்டம் பின்னலில் பிழை போலத் தோன்றும். அதை அழித்துவிட வேண்டும். வளைவு மெல்ல மெல்லத் திரும்ப வேண்டுமேயன்றி, அங்கங்கே ஒடிந்து திரும்பலாகாது. நிரப்பிய தாளைச் சுவரில் ஒட்டி, நாலைந்து கஜம் எட்ட நின்று பார்த்தால் குறைகள் தாமே தெரியும்.

இவ்வாறு அமைந்த கணக்கு ஒன்று கீழே சொல்லப்படுகிறது. எல்லா வரிசையும் நடுக்கண்ணியை மையமாகக் கொண்டவை. அடியிலிருந்து தொடங்கி, முதல் வரிசையில் பழத்தின் நிறத்தில் 5 கண்ணி, இரண்டாம் வரிசையில் 9, மூன்றில் 11, நான்கிலும் ஐந்திலும் 13, ஆறு முதல் பதின்மூன்று வரை 15, பதினான்கு, பதினைந்தில் 13, பதினாறு முதல் பதினெட்டு வரை 11, பத்தொன்பது முதல் இருபத்தொன்று வரை 9, இருபத்திரண்டு முதல் இருபத்தேழு வரை 7, இருபத்தெட்டிலும் இருபத்தொன்பதிலும் 5, முப்பதாம் வரிசையில் 3. முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து வரை காம்பு, வரிசைக்கு ஒரே கண்ணி, பழுப்பு நிறம். காம்பை அப்பொழுதே பின்ன வேண்டுமென்பதில்லை. தனிக்கண்ணியாய்ப் பின்னிய நிறம் துணிக்குள் அமுங்கிவிடும். பின்னல் முடிந்தபின் தையல் ஊசியில் பழுப்பு நூல் கோத்து, உள்ள கண்ணியின் வழியையே பின்பற்றி அதன்மேல் இழை ஓட்டினால் காம்பு எடுப்பாய் நிற்கும். பக்கத்தில் ஓர் இலை வேண்டுமானாலும் அப்படியே போடலாம்.

தாளைப் படிக்கும் திசையில் புதியவர் தவறுவதுண்டு. கீழ் வரிசைதான் முதல் வரிசை. துணியின் முகப்பு தன்னை நோக்கியிருக்கும்போது வலமிருந்து இடமாகவும், திருப்பிப் புறப்பக்கம் பின்னும்போது இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். ஏனெனில் ஊசியில் வேலை வலமிருந்தே நகர்கிறது. ஒற்றைப்படை வரிசை எண்களை வலது ஓரத்திலும் இரட்டைப்படை எண்களை இடது ஓரத்திலும் எழுதிவிட்டால், எண் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கலாம். வட்டமாய்ப் பின்னும் குல்லாயில் எல்லா வரிசையும் வலமிருந்தே தொடங்கும். பேரிக்காய் இருபுறமும் ஒத்திருப்பதால் திசை தவறினாலும் தெரியாது. ‘கொடை’ என்று எழுத்தைப் பின்னத் தொடங்கியதும் தவறு வெளிப்பட்டு, எழுத்துக் கண்ணாடியில் கண்டதுபோல் திரும்பி நிற்கும்.

நிற நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழத்தின் நடுவில் 15 கண்ணியும் மஞ்சள். அப்பொழுது சாம்பல் நிறத் தரைநூலைப் பின்புறமாய் இழுத்துச் சென்றால் 3 அங்குல இழை தொங்கும். குழந்தையின் விரல் அதில் மாட்டும். ஆகையால் ஸ்வெட்டரின் மார்பில் தனித்து நிற்கும் ஒரு பெரிய பழத்துக்கு, இடப்புறத்துக்கு ஓர் உருண்டை, வலப்புறத்துக்கு ஓர் உருண்டை, பழத்துக்கு ஓர் உருண்டை என மூன்று வைத்துக்கொண்டு, நிறம் மாறுமிடத்தில் இரு நூலையும் ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். முறுக்காவிடில் அந்த இடத்தில் ஓட்டை விழும். குல்லாயைச் சுற்றிச் சிறு பழங்களை வரிசையாய்ப் பின்னும்போது மாத்திரம் இரு நூலையும் கூடவே கொண்டு போகலாம். அதிலும் 4, 5 கண்ணிக்கு ஒருமுறை பின்னூலை அடக்கிக்கொள்வது நல்லது. இவ்வகைப் பின்னல் இறுகி, கண்ணி ஏறக்குறையச் சதுரமாகவே அமைவதும் உண்டு. அதற்கு மாதிரித் துண்டையும் இரு நூலிலேயே எடுக்க வேண்டும்.

படத்தை எண்ணிக்கையாக்கிக் கைவேலைக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுநாளையது. ஜெர்மனியில் 1520-களில் அச்சான தையல் மாதிரிப் புத்தகங்களிலேயே கட்டமிட்ட உருவங்கள் உண்டு. காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு தறிக்கு மயில் வரைகிறவர், அங்குலத்துக்குப் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை என்று பாராமல் தாளைத் தொடமாட்டார். பேரிக்காயின் கதைதான் அங்கும். நீலகிரியில் தோதவப் பெண்கள் தாளே இல்லாமல் துணியின் இழைகளை எண்ணிப் பூவேலை செய்கின்றனர். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தெற்கே நாகர்கோவிலில் 1820-களில் மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். திண்டின்மேல் தடித்த தாளைப் பொருத்தி, அதில் ஊசியால் குத்திய துளைகளைத் தொடர்ந்தே அந்தப் பின்னல் நடக்கும். அவருடைய மகளார் எலைசா, கால்டுவெல்லை 1844-இல் மணந்து, இடையன்குடியில் அதே தொழிலைப் பரப்பினார். 1891-இல் கால்டுவெல் காலமானது கொடைக்கானலில். லேஸ் தொழிலில், துளையிட்ட தாள் யாரிடம் இருக்கிறதோ அவர் சொன்னபடிதான் வேலை நடக்கும். பின்னுகிறவள் கூலிக்காரியாகவே இருப்பாள். தன் தாளைத் தானே அமைத்துக்கொள்ளும் சங்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சங்கத்துக்குக் கட்டத்தாளால் விளையும் நன்மை அழகு மட்டுமன்று. நூலைச் சங்கம் நிறுத்துக் கொடுத்து, உடுப்பை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்கும் இடங்களில் மனஸ்தாபம் தோன்றுவது பெரும்பாலும் நூற்கணக்கிலேயே. மஞ்சள் நூல் போதவில்லை என்கிறாள் ஒருத்தி. மற்றவளுக்குப் போதிற்றே என்கிறார் காரியதரிசி. யாரும் திருடவில்லை, ஆனால் சந்தேகம் நின்றுவிடுகிறது. தாளில் கட்டங்களை எண்ணிப் பார்த்தால் மேற்சொன்ன பழத்துக்கு 312 கண்ணி, காம்புக்கு 5. அதே நூலில் 100 கண்ணி பின்னி, தொடக்கத்திலும் முடிவிலும் நூலில் அடையாளமிட்டு, பிரித்து, இழுக்காமல் நேராக்கி அளந்தால் 100 கண்ணிக்கு எத்தனை அங்குலம் என்பது தெரியும். அதன் மூன்றே அரைக்கால் மடங்கு பழத்தின் தேவை. முனைகளை அடக்குவதற்கு ஒவ்வொரு முனைக்கும் 9 அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை எல்லா அங்கத்தினர் முன்பும் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டால், இன்ன உடுப்புக்கு இவ்வளவு நூல் என்பது காரியதரிசியின் தயவன்று, தாளின் கணக்கு என்றாகிவிடும். தளரப் பின்னுகிறவளுக்கு நூல் அதிகம் செலவாகும் என்பதும் அப்போது வெளிப்படும். அவளைக் குறை கூறாமல் ஊசியை மாற்றிக் கொடுக்கலாம். கூலியையும் கண்ணி எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயித்தால், நுண்ணிய நூலில் கண் நோகப் பின்னுகிறவள் மொத்த நூலில் பின்னுகிறவளுக்குச் சமமான கூலி வாங்கி நஷ்டப்பட மாட்டாள்.

தாளில் நிறங்களை வர்ணத்தால் மட்டும் காட்டாமல், பழத்துக்குப் பெருக்கற்குறி, காம்புக்குச் சிறு வட்டம், தரைக்கு வெறுங்கட்டம் என்று குறியிட வேண்டும். பிரதி எடுக்கும்போது வர்ணம் கறுத்துப்போகும். மாலை விளக்கில் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றாய்த் தெரியும். பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு போட்டால் எண்ணுவது எளிதாகும். தாளின் தலைப்பில் நூலின் கனம், ஊசி நம்பர், அங்குலத்துக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்பவற்றை எழுதி, மாதிரித் துண்டையும் அதன் மூலையில் தைத்துச் சங்கத்தில் வைக்க வேண்டும். அங்கத்தினர்க்குப் பிரதி மாத்திரம் போகலாம்.

பின்னும்போது தாளின்மேல் அடிக்கோலை வைத்து வரிசையைக் குறித்துக்கொள்வது வழக்கம். அதைப் பின்ன வேண்டிய வரிசைக்குக் கீழே வைக்கிறவர்களே மிகுதி. மேலே வைப்பது நல்லது. பின்னி முடித்த வரிசைகள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால், ஊசியிலுள்ள வேலை அவற்றோடு ஒத்திருக்கிறதா என்பதை உடனே பார்த்துக்கொள்ளலாம். ஒரு கண்ணி தப்பினாலும் அடுத்த வரிசையிலேயே அகப்பட்டுவிடும், பிரிக்க வேண்டியது ஒரே வரிசைதான்.